கன்னத்து ஈ

கறுவாத்தோட்டத்தில், யன்னலடைத்த ஓர் அறையில்
இருநூற்றறுபது வயதுப் பெண்ணொருத்தியின் முகத்தை
என் எச்சிலால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் தொழிலில் உள்ளதுதான்.
மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி
நாவில் ஒருமுறை உருட்டி
ஒரு சதக் காசின் அகலத்தைத் தாண்டாமல்
வட்டமாக, மெதுவாக.
பிறகு வடிநீர். பிறகு அடுத்த பஞ்சு.
காலையிலிருந்து நாற்பத்தேழு
பீங்கான் தட்டில் பழுப்பாய்க் கிடக்கின்றன.

அதனால்தான் தேத்தண்ணி வேண்டாமென்றேன்.
இருந்தும் வந்தது,
வேலைக்கு வருபவர்களுக்கென்று
அலுமாரியின் கீழ்த்தட்டில் தனியாய் வைத்திருக்கும்
விளிம்புடைந்த கோப்பையில்.
ஆறி, ஆடை கட்டி,
ஓர் எறும்புக்கு ஏரியாகிவிட்டது.

யார் இவள்?
ஏதோ ஒரு குட்டி அரசவையின் சீமாட்டி.
பிரெஞ்சுக்காரி என்கிறார் மிஸிஸ் வைரவநாதன்;
சட்டத்தின் பின்னால் இருக்கும் எழுத்து ஜெர்மன்.
அவருடைய மாமனார் இவளை வாங்கியது பம்பலப்பிட்டியில்,
பறங்கிக் குடும்பமொன்று மெல்பேர்னுக்குக் கப்பலேறுமுன்
வீட்டைக் காலிசெய்து ஏலம் போட்ட நாளில்.
அவர் பியானோவுக்குத்தான் கை தூக்கினாராம்.
சுத்தியல் கொஞ்சம் பிந்தி விழுந்தது.

நீலப் பட்டு. மாவு தூவிய கூந்தல்.
சரிகையில் ஓவியன் சோம்பியிருக்கிறான்;
ஆனால் முத்துமாலைக்குக் கீழே
தோலில் விழும் நிழலுக்கு
ஒரு வாரம் முழுதும் கொடுத்திருக்கிறான்.
காதலாய் இருக்கலாம்.
நாட்கூலியாயும் இருந்திருக்கலாம்.

கொழும்பு அவளை விட்டுவைக்கவில்லை.
மஞ்சளித்த வார்னிஷ் நீலப் பட்டைப் பாசியாக்கியது.
முழங்கைச் சுருக்கில் பூஞ்சணம்.
முதுகுப்புறம், கித்தானுக்கும் மரத்துக்கும் நடுவே
இரண்டு பல்லி முட்டைகள்,
இரண்டும் கோது.

இடது கன்னத்தில் மட்டும்
கடுகளவில் ஒரு மச்சம்.
அந்தக் காலத்துச் சீமாட்டிகள்
கறுப்புப் பட்டில் துணுக்கு வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்;
பாலில் விழுந்ததுபோல் வெள்ளை முகத்தில் கிடப்பதால்
பிரெஞ்சுக்காரர் அதற்கு ஈ என்றே பெயர் வைத்தார்கள்.
இந்த வீட்டில் அது திருஷ்டிப் பொட்டு.
மூன்று மருமக்களும் கலியாணப் படத்தில்
அதே கன்னத்தில், அதே இடத்தில் மை வைத்திருக்கிறார்கள்.
ஆல்பத்தை நேற்றே காட்டினார்.

மூன்று மணிக்கு என் பஞ்சு அதன்மேல் போனது.
கரைந்தது.

உருப்பெருக்கியை இழுத்துப் பார்த்தேன்.
பட்டுமல்ல, வர்ணமுமல்ல.
ஈயின் எச்சம்.
வார்னிஷுக்கு மேலே இருந்தது; வார்னிஷோ இங்கே பூசியது.
ஆக, உள்ளூர் ஈதான்.
யாரோ நறுக்கிவைத்த மாம்பழத்திலிருந்து எழும்பி
அரசவைக்குள் நுழைந்து
ஒரு கணம் குந்தியிருந்துவிட்டுப் போயிருக்கிறது.

நாலு மணிக்கு மிஸிஸ் வைரவநாதன் வந்தார்.
"மச்சம் எங்கே?"
சொன்னேன்.
நெடுநேரம் பேசவில்லை. கை தன்பாட்டில் எழும்பித்
தன் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தது.
"வெறும் முகமாக் கிடக்கு. கண் படும்" என்றார்.
"திரும்ப வையுங்கோ."

வைப்பது எதுவும் எடுக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்:
எங்களுக்கு அது ஒன்றுதான் வேதம்.
விளக்குக்கரியில் ஊசிமுனையளவு,
நீரில் கரையும் பசையோடு.
மூன்று மயிர்த் தூரிகை.
மூச்சை அடக்கினேன்.
ஈ வைத்ததைவிடக் கொஞ்சம் வட்டமாய் வந்துவிட்டது.

அறிக்கையில் எழுதினேன்:
அகற்றியது, ஈயெச்சம், ஒன்று.
சேர்த்தது,
என்று தொடங்கிப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது
மின்சாரம் போனது.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பெருமூச்சுவிட்டு அடங்க
அறைக்குள் மெல்லக் கொழும்பு நுழைந்தது.

அவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.
இரு கைகளாலும் அந்த முகத்தைத் தொடாமல் வழித்துத்
தன் நெற்றிப் பொருத்தில் நெட்டி முறித்தார்.
நன்றாகவே முறிந்தது.
பிறகுதான் என்னைக் கண்டார்.
"ஐயோ, தேத்தண்ணி குடிக்கேல்லையே?"

இனிப் பஞ்சில்லை, நாவுக்கு வேலையில்லை.
எறும்பை விரல்நுனியால் கரையேற்றிவிட்டு
அண்ணாந்து ஊற்றாமல்
உடைந்த விளிம்பிலேயே வாய்வைத்துக் குடித்தேன்.